தண்ணி உனக்குத் தொட்டிலாச்சோ

நைனா,

உன் கல்யாணத்தில் நான் பாடப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேவதியின் அம்மா போன வாரம் திருப்போரூரிலிருந்து போன் போட்டு, "சம்மந்தி, நலங்கு வைக்கறப்ப நீங்க ஒரு பாட்டு பாடணும். எங்க சொந்தக்காரங்க எல்லாம் உங்க கொரல நேர்ல கேக்கணும்னு ஆசையா கீறாங்க" என்றார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கே நீ கூப்பிட்டு, "இன்னாம்மா, ஒரே ஒரு பாட்டுதானே, பாடினா கொறஞ்சா பூடுவ?" என்று கோபித்துக்கொண்டாய். போனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது. நேரில் உட்கார்ந்து பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் படித்துவிடு. ரேவதியிடமும் சொல்லு. உன்னோடு வாழப்போகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் ஆசைப்படுகிற அந்தக் குரல் உன் அப்பாவின் தலைமாட்டில் வந்த குரல். அந்தக் காலைநேரம் உனக்கும் தெரியும். கூழ் குடித்துவிட்டு, கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டி லோடு ஏற்றப் போனவர், வெட்டிப்போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்து "நெஞ்ச அடைக்குது, கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் சருகில் சாய்ந்துவிட்டார். அவர் ஏற்றிய லோடை இறக்கிவிட்டு அதே லாரியில் அவரைக் கொண்டுவந்தார்கள். நீ சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கம்பெனிச் சட்டையோடு ஓடிவந்தாய். அதற்கு முன்னால் ஊரில் எத்தனையோ சாவு வீட்டில் நான் ஒப்பாரி வைத்திருக்கிறேன். "அவ வந்தாத்தான் வூடே அழுவும்" என்பார்கள். யாருக்கு அழுகிறோமோ அவருடைய வேலையை, உடுப்பை, ஊரைப் பாட்டில் போட்டுக்கொள்வோம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. ஒரு சாவு வீட்டில் காதில் விழுந்தது அடுத்த சாவு வீட்டில் வாயில் வரும், அவ்வளவுதான். ஆனால் உன் அப்பாவுக்கு நான் என்ன பாடினேன் என்று எனக்கு நினைவே இல்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடி என் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உன் பெரியம்மா கேட்டாள்: "ஏன்டி, 'தண்ணி உனக்குத் தொட்டிலாச்சோ'ன்னு அழுதியே. உன் புருசன் இன்னா தண்ணியிலயா செத்தான்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியா பாடினேன் என்று கேட்டேன். "திருப்பித் திருப்பி அதத்தான் பாடின" என்றாள். எங்கிருந்து அது வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. எனக்கே அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை.

நீ அதைப் போனில் பதிவு செய்தது எனக்குத் தெரியாது. மாதங்கள் ஓடி, நான் மறுபடியும் மாமல்லபுரத்துக் கெஸ்ட் ஹவுஸுக்குத் துணி துவைக்கப் போக ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் பூஞ்சேரி கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவர் பையன் பாட்டு வைத்திருந்தான். முதலில் மேளம். மேளத்துக்குக் கீழே யாரோ ஒரு பொம்பளை அழுகிற சத்தம். அந்த அழுகை என்னைப் பிடித்து உலுக்கியது. பாவம், யார் பெற்ற பெண்ணோ, யாரைத் தூக்கிக் கொடுத்தாளோ என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக நான் அழுதேன் நைனா. சத்தியமாகச் சொல்கிறேன். அப்புறம்தான் அவள், "சவுக்கு வெட்டப் போனவரே, சருகு உமக்குப் பாயாச்சோ" என்றாள். அது என் குரல். டிரைவர் பையன் சத்தத்தைக் கூட்டிவைத்து, "செம பாட்டு இல்லக்கா? காலைலேர்ந்து இதான் ஓடுது" என்றான். நான் பாதி வழியிலேயே இறங்கிவிட்டேன். ஆட்டோ போய்விட்டது. அழுகை மட்டும் கொஞ்ச நேரம் ரோட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கேட்டேன். "உங்கப்பன எதுக்குடா ஊரு கேக்க நடு ரோட்டுல படுக்க வச்ச?"

நீ வாசலிலேயே நின்றாய். வாயாடுவாய் என்று நினைத்தேன். நீ வாயாடவில்லை. "அது என் போன்ல இருந்துதும்மா. டெய்லி கேட்டுகினு இருந்தேன். ஷிப்ட்டு முடிஞ்சி ரூமுக்கு வந்தா அதத்தான் கேட்பேன். என்னால தனியா கேக்க முடியல. ஸ்டீபனாண்ட போட்டுக் காமிச்சேன். அவன் கம்ப்யூட்டர்ல மேளத்த சேத்தான். நாலு பேரு கேட்டா கொஞ்சம் கொறையும்னு நெனச்சி நெட்ல போட்டோம்" என்றாய். ஸ்டீபன் உன்னோடு ரூமில் தங்கியிருக்கிற பையன், அவனைத் திட்ட எனக்கு மனசில்லை. "என்னக் கேட்டியா?" என்றேன். "கேட்டா நீ வேணாம்பியேம்மா." "அப்ப வேணாம்னுதானே அர்த்தம்?" நீ தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொன்னா எடுத்துடறேன். ஆனா எடுத்தாலும் போவாது. நெறைய பேரு அவங்க போன்ல எடுத்து வச்சிகினாங்க" என்றாய்.

அதற்குப் பிறகு நான் உன்னோடு பேசவில்லை. நீ வந்தால் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். அது கோபம் என்று நீ நினைத்திருப்பாய். பாதிதான் கோபம், மீதி பயம். கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிப்பு அலசிக்கொண்டிருப்பேன், மாடியில் தங்கியிருக்கிறவர்கள் அந்தப் பாட்டைப் போடுவார்கள். ஈர விரிப்புகள் காற்றில் ஆடும். அவற்றுக்கு நடுவே என் குரல் என்னைத் தேடிக்கொண்டு வரும். நான் வாயை இறுக்க மூடிக்கொள்வேன். திறந்தால் அதுவே வெளியே வந்துவிடும் என்று தோன்றும். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது நம் பெண்களின் கட்டுப்பாடு. பாடினால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும். எத்தனை வீட்டில், எத்தனை கடையில், குழந்தைகள் தூங்குகிற அறையில் நான் பாடிக்கொண்டிருக்கிறேனோ என்று நினைத்துக்கொண்டே விரிப்பைப் பிழிவேன். நான் பயந்த இன்னொன்றும் உண்டு. தண்ணீரும் தொட்டிலும் வருகிற அந்த அடி என்னுடையது இல்லை. அதற்கு உரியவள் உயிரோடு இருந்தாள். என்றைக்காவது அவள் காதில் அது விழும்.

விழுந்தது. நீ சோற்றுத் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையில் மஞ்சள் பையோடு ஒரு கிழவி வாசலில் வந்து நின்றாள். உனக்கு யார் என்று தெரியவில்லை. எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கன்னியம்மா. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் இதே ஊரில் எங்கள் தெருவில் நாலாவது வீடு. அவள் மகளும் நானும் ஒரே பெஞ்சு. ஒருநாள் அந்தப் பெண் ஏரிக்கு அல்லி பறிக்கப் போனாள். சாயங்காலம் ஆம்பளைகள் தோளில் தூக்கி வந்தார்கள். தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் தெருவெல்லாம் கோடு போட்டிருந்தது. அன்றைக்குக் கன்னியம்மா அழுத அழுகையைப் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன். அப்படி ஒரு பாட்டை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவளாகக் கட்டியது. அந்த வருஷமே அவளும் அவள் புருஷனும் ஊரைவிட்டுச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போய்விட்டார்கள். பாட்டு என்னிடம் தங்கிவிட்டது. நான் அதை எந்தச் சாவு வீட்டிலும் பாடியதில்லை. உன் அப்பாவின் தலைமாட்டில் அது தானாக வந்து என் வாயைத் திறந்துகொண்டது.

கன்னியம்மா உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. "செங்கல்பட்டு, மதுராந்தகம்னு மூணு பஸ்சு மாறி வரேன்" என்றாள். "பேத்தி போன்ல பாட்டு ஒண்ணு ஓடுச்சி. நான் அரிசி பொடச்சிகினு இருந்தேன். மொறம் கையவுட்டு உழுந்துடுச்சி. யாரு பாடறதுன்னு கேட்டேன். செய்யூர் பக்கம், இந்த ஊருன்னா. அது எம் பொண்ணுக்கு நான் அழுதது."

நான் அவள் காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று குனிந்தேன். அவள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு சொன்னதை நீயும் கேட்டாய். ஆனால் அதன் கனம் அன்றைக்கு உனக்குத் தெரிந்திருக்காது என்பதால் திரும்ப எழுதுகிறேன். "எனக்கு அது மறந்துபூட்ச்சிடி. அன்னிக்கி ஒருநாள் அழுதேன். மறுநாள் வாயத் தொறந்தா ஒண்ணுமே இல்ல. இன்னா சொல்லி அழுதேன்னு இத்தினி வருஷமா தேடிகினு கீறேன். எம் பொண்ணு முகம் மறந்துபூட்ச்சி, படம்கூட இல்ல. அந்தப் பாட்டுல அவ இருந்தா. அதுவும் பூட்ச்சின்னு இருந்தேன். உங்கிட்டயா இருந்துது?" என்றாள். நான் ஆமாம் என்றேன். "அப்ப எனக்குக் குடு" என்றாள்.

வீட்டுக்குள் பாட முடியாது. உன் கையைக்கூடக் கழுவவிடாமல் உன்னையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஏரிக்கரைக்குப் போனோம். ஊரைவிட்ட பிறகு அவள் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. தண்ணீர் பாதிதான் இருந்தது. எதிர்க்கரையில் மனைக்கல் நட்டிருந்தார்கள். அல்லி மட்டும் அப்படியே பூத்திருந்தது. அவள் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, என் வாழ்நாளில் முதல்முறையாக, அழாமல் அந்தப் பாட்டைச் சொன்னேன்.

அல்லி பறிக்கப் போனவளே - எங் கண்ணே
ஆழம் உனக்குத் தோழியாச்சோ
தாமரைக்குப் போனவளே - எங் கண்ணே
தண்ணி உனக்குத் தொட்டிலாச்சோ

அவள் உதடு என் பின்னாலேயே அசைந்தது. நாலு அடி முடிந்ததும் நான் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த இடத்தில் யாரோ பெரியவர்கள் என்னைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள், சின்னப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று. கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காற்று மட்டும் அடித்தது. அப்புறம், ஒடுங்கிப்போன ஒரு குரலில், அவளாகவே மேலே போனாள்.

கூப்பிட்ட கொரலு கரையில நிக்குது - அஞ்சல
கொதிச்ச கஞ்சி அடுப்புல நிக்குது

அஞ்சலை என்ற பெயர் வந்ததும் அவள் திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நீயும் பார்த்தாய், மறைக்காதே. அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ கூப்பிட்டுத் திரும்பியதைப் போலத்தான் மூவரும் திரும்பினோம். நீ அவளிடம், "பாட்ட எடுத்துடட்டுமா பாட்டி? உங்க பொண்ணு பாட்டுன்னு எனக்குத் தெரியாது" என்றாய். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணாம் நைனா. தண்ணிக்குள்ள கெடந்தது போதும். எங்கனா வெளிய சுத்திகினு இருக்கட்டும்" என்றாள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் நான் உன்னோடு பேசினேன். "சாப்புட்டியா?" என்றேன். உனக்கு அழுகை வந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கும்போது கன்னியம்மா போய்ச் சேர்ந்தாள். சேதி வந்ததும் நீ வண்டியில் என்னைக் கூட்டிப்போனாய். ரயில்வே லைன் ஓரத்தில் ஒரு வாடகை வீடு. தெருவில் சாமியானா, நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே ஐஸ் பெட்டி. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வெவ்வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பெட்டியைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள், யாருக்கும் அழத் தெரியவில்லை. நான் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் சொன்னாளே, மறுநாள் வாயைத் திறந்தால் ஒன்றுமே இல்லை என்று, அதே மாதிரி. அவளுடையதை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதை அவள் எடுத்துக்கொண்டே போகிறாள் என்று நினைத்தேன். என்னைப் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் நீ ஆம்பளைகள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் குந்தினாய். போனை எடுக்கப்போகிறாய் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. உன் சொந்தத் தொண்டையில், கரகரத்துக்கொண்டு, அல்லி பறிக்கப் போனவளே என்று ஆரம்பித்தாய். வெளியே ஒருவன், "இன்னாடா இது, ஆம்பள ஒப்பாரி வைக்கிறான்?" என்று சிரித்தான். உன் காது சிவந்தது, நான் பார்த்தேன். ஆனால் நீ நிறுத்தவில்லை. ஏரிக்கரையில் ஒரே ஒருமுறை கேட்டதை ஒரு சொல் பிசகாமல் வைத்திருந்தாய். அஞ்சலை என்று நீ கூப்பிட்டபோது என் தொண்டை திறந்துகொண்டது. பெண்கள் ஒவ்வொருவராக என் பின்னால் வந்தார்கள். தெலுங்கு பேசுகிற ஒரு பெண், சொல் தெரியாமல், மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடக்கம் முடிந்ததும் கன்னியம்மாவின் மகன் உன்னைத் தேடி வந்தார். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல், ஊரைவிட்டு வந்த பிறகு பிறந்தவர். "தம்பி, நடுவுல ஒரு பேர் சொன்னீங்களே, அஞ்சலைன்னு, அது யாரு?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான்தான் சொன்னேன், அது அவருடைய அக்கா என்று. அந்த மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அக்காவா? அம்மா சொல்லவே இல்லியே. தூக்கத்துல அந்தப் பேரச் சொல்லும். யாரும்மான்னு கேட்டா, யாருமில்ல, தூங்குடான்னும்" என்றார். அவருக்கு நான் தெரிந்ததெல்லாம் சொன்னேன். அல்லி பறிக்கப் போனது, என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தது, கணக்கு வராமல் என் ஸ்லேட்டைப் பார்த்து எழுதியது. தாயைப் புதைத்த நாளில் அவருக்கு ஓர் அக்கா கிடைத்தாள்.

நான் ஏன் உன் கல்யாணத்தில் பாடமாட்டேன் என்று இப்போது உனக்குப் புரியும். மங்கலத்துக்கும் எனக்கும் ஆகாது என்று ஊர் நினைக்கும் என்பதற்காக இல்லை. அந்தப் பேச்சை நான் எப்போதோ கடந்துவிட்டேன். என் குரலுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நலங்குப் பாட்டு என்று நான் எதை ஆரம்பித்தாலும் அவர்கள் இருவரும் வந்து நிற்பார்கள். சில சமயம் கெஸ்ட் ஹவுஸ் மாடியில் அந்தப் பாட்டு ஓடும்போது நான் இப்போது வாயை மூடிக்கொள்வதில்லை. கேட்டுக்கொண்டே துவைக்கிறேன். உயிரோடு இருக்கையில் ஒருவரையொருவர் பார்த்திராத அவர்கள், உன் அப்பாவும் அந்தச் சின்னப் பெண்ணும், கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத வீடுகளுக்குள் நுழைந்து போவது போல இருக்கிறது. உன் அப்பா செங்கல்பட்டைத் தாண்டியது இரண்டொரு முறைதான். இப்போது எங்கெல்லாம் போகிறாரோ. அந்தப் பெண்ணை அவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர்களை மணவறைக்கு நான் கூட்டிவர மாட்டேன். ரேவதியின் சொந்தக்காரர்களிடம் நீ பக்குவமாகச் சொல்லு.

இன்னொன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று ரேவதி எனக்குத் தனியாகப் போன் செய்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்கிறேன். "அத்த, தப்பா நெனச்சிக்காதீங்க. அவரு வண்டி ஓட்டும்போது, எங்கனா சும்மா நின்னுகினு இருக்கும்போது, வாய்க்குள்ள ஒரு பேரச் சொல்லிகினே இருக்காரு. அஞ்சல, அஞ்சலன்னு. அவருக்கே தெரியறதில்ல. யாருன்னு கேட்டேன். யாருமில்லன்றாரு. எதுவா இருந்தாலும் இப்பவே தெரிஞ்சிக்கினா நல்லது அத்த" என்றாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் வாயிலிருந்து வர வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டாய். இனி அது உன்னைவிட்டுப் போகாது. உனக்குக் குழந்தை பிறந்து அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதும் வரும். ரேவதி பயப்படுவாள். அவளை உட்காரவைத்துச் சொல்லு. அஞ்சலை ஒரு சின்னப் பெண், எங்கள் ஊர் ஏரிக்கு அல்லி பறிக்கப் போனாள், அவள் அம்மா கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்று சொல்லு. எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லு. யாருமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா